மூன்று நிமிடக் கைதட்டல்

க்ளெனிஸ் பரிட்ஜுக்குக் கோபம் வந்தால் பிளாக்ஃபோர்ட் ஊரில் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்திக்கொள்ளும். மிகையாகச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள், பிள்ளைகளை ரோடு தாண்ட வைக்க அவர் பள்ளிக்கூட வாசலில் 'நில்' பலகையைத் தூக்கிக்கொண்டு மரலாரி ஒன்றை முறைத்ததைப் பார்த்ததில்லை. இருபத்திரண்டு சக்கரம், நாற்பது டன் யூகலிப்டஸ் மரம். அந்த லாரி நின்றதோடு இல்லாமல் நாலடி பின்வாங்கியது என்று சத்தியம் செய்ய ரொட்டிக்கடை வாசலில் இன்றைக்கும் ஆள் இருக்கிறது. இருபத்தோரு வருடமாக அந்த கிராஸிங்கில் ஒரு பிள்ளையின் முட்டி கூடச் சிராய்ந்ததில்லை.

அந்த கிராஸிங்கைத்தான் நகரமன்றம் எடுத்துவிடப் போவதாக ஆகஸ்டில் அறிவித்தது. கம்பத்தில் கேமரா கட்டி, தார் ரோட்டின் குறுக்கே வண்டிகளை எண்ணும் கறுப்பு ரப்பர் குழாய் போட்டு, ஜூலையில் ஒரு வாரம் கணக்கெடுத்தார்களாம். ஐந்து நாளில் ரோட்டைத் தாண்டியவர்கள் மொத்தம் பதினொன்று. அதில் இரண்டு நாய்.

க்ளெனிஸுக்குத் தெரியும், அந்த வாரம் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. ரொட்டி வாங்கப் போகும்போது அந்த ரப்பர் குழாயை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். ஒரே ஒரு வரி. அதைச் சொன்னால் போதும், கதை முடிந்தது. மன்றத்துக்குக் கடிதம் எழுதினார். 'தங்கள் கடிதம் கிடைத்தது, நன்றி' என்று அழகாக அச்சடித்துப் பதில் வந்தது. சரி, நேரிலேயே சொல்வோம் என்று கூட்டத்துக்குப் போனார். ஒலிபெருக்கி முன்னால் நின்றார். லாரியை நிறுத்தியவரின் வாய் ஒட்டிக்கொண்டது.

"உம்… நான்… அது வந்து… ரப்பர்… உம்…"

துணை மேயர் ராட்னி ஸ்ட்ரேக் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். "க்ளெனிஸ், பிள்ளைங்களை ரோடு தாண்ட வெச்சது இருக்கட்டும். முதல்ல அந்த வாக்கியத்தைக் கையைப் பிடிச்சு அந்தப் பக்கம் கொண்டுபோய் விடும்மா!"

மண்டபம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. க்ளெனிஸ் உட்கார்ந்துவிட்டார். இறுதி முடிவு மார்ச் கூட்டத்தில் என்று சொல்லிக் கலைந்தார்கள். வீட்டுக்கு வந்து உருளைக்கிழங்கு தோல் சீவ ஆரம்பித்தவர், கிழங்கு பட்டாணி அளவுக்கு வந்த பிறகும் சீவிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் ரொட்டிக்கடைக் கண்ணாடியில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. 'பேசிப் பழகுவோம். வியாழன் மாலை ஆறரை. பௌலிங் கிளப் பின்னறை. தேநீர் உண்டு.' அதைக் கிழித்துக் கையிலேயே எடுத்துக்கொண்டு போனார், வேறு யாரும் படித்துவிடக் கூடாது என்பதுபோல.

பின்னறையில் பன்னிரண்டு பேர். இந்தப் பேச்சு கிளப்பின் தலைவி லார்னா விட்பி, முப்பது வருடம் மருந்துக்கடை நடத்தியவர். அவர் மடியில் ஒரு பித்தளை மணி. பேசுகிறவர் 'உம்' என்றால் ஒரு டிங். 'அது வந்து' என்றால் ஒரு டிங். முதல் வியாழன் க்ளெனிஸ் பேசியபோது அந்த மணி சூடாகி, லார்னா கைக்குட்டையால் பிடிக்க வேண்டியதாயிற்று.

நேரம் பார்ப்பவர் டெஸ்மண்ட் க்ரேக். முப்பது வருடம் கால்பந்து நடுவராக இருந்து, பெற்ற தாயையே மைதானத்தை விட்டு வெளியே அனுப்பியவர். அவரிடம் மூன்று அட்டைகள். பச்சை வந்தால் இரண்டு நிமிடம் ஆயிற்று. மஞ்சள், இரண்டரை. சிவப்பு வந்தால் மூன்று. சிவப்பு வந்த நொடியில் கிளப் முழுக்கக் கைதட்டும், பேசுகிறவர் உட்காரும் வரை தட்டும். அந்த விதிக்கு விலக்கே கிடையாது. ஒரு தடவை ஒருத்தர் எல்லோர் முன்னாலும் மனைவியிடம் மன்னிப்புக் கேட்க எழுந்தார். "அதனால மார்கரெட், நான் உன்கிட்ட…" வரைக்கும் வந்தார். சிவப்பு. கைதட்டல். உட்கார்ந்தார். மன்னிப்பு அடுத்த வியாழன்தான் போய்ச் சேர்ந்தது.

க்ளெனிஸுக்கு இது எல்லாமே எரிச்சல். பேசி முடித்ததும் லார்னா முதலில் ஒரு நல்லது சொல்வார், நடுவில் ஒரு குறை, கடைசியில் மறுபடி ஒரு நல்லது. "உன் செருப்பு நல்லா இருக்கு க்ளென். பேச்சு ஒண்ணும் புரியல. ஆனா நேரத்துக்கு வந்துட்டே."

"நேரா திட்டித் தொலையேன் லார்னா! எதுக்கு ஜாம் தடவித் தர்றே?"

"அது கிளப் வழக்கம்."

நான்காம் வாரம், திடீர்ப் பேச்சு. டெஸ்மண்டின் பழைய தொப்பியில் கைவிட்டு ஒரு சீட்டு எடுக்க வேண்டும், அதைப் பற்றி அங்கேயே பேச வேண்டும். க்ளெனிஸுக்கு வந்தது: 'ஒரு குடை தன்னைப் பற்றிப் பேசினால்.'

"குடை பேசுமா? குடைக்கு என்னய்யா பேச இருக்கு?" என்று வெடித்தவர் நிற்கவே இல்லை. மழை பெய்தால்தான் குடை ஞாபகம் வருகிறது உங்களுக்கு, வெயில் அடித்தால் பஸ்ஸில் மறந்துவிட்டுப் போகிறீர்கள், இருபத்தோரு வருடம் நனைந்து நின்றவளை ஒரு நாயும் கேட்கவில்லை என்று குடையின் சார்பில் ஊரையே கிழித்துத் தொங்கவிட்டார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வெளியே புல்தரையில் பந்து உருட்டி ஆடிக்கொண்டிருந்தவர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டார்கள். சிவப்பு அட்டை வந்தது, கைதட்டல் வந்தது, உட்கார்ந்த பிறகுதான் அவரே கவனித்தார். மணி ஒரு தடவை கூட அடிக்கவில்லை.

"பாத்தியா? கோபத்துல உனக்கு 'உம்' வரல," என்றார் லார்னா. "ஆனா வாளியோட கொட்டிடறே. சொல்லு வரலைன்னா வாயை மூடு, மனசுக்குள்ள மூணு எண்ணு, அப்புறம் திற. அந்த மூணு எண்ணிக்கைல எதிர்ல இருக்கறவனுக்கு வியர்க்கும். பலமான விஷயத்தைக் கடைசிக்கு வை."

அன்றிலிருந்து வியாழன் தவறாமல் போனார். ஒவ்வொரு வாரமும் மூன்று நிமிடம். கிராஸிங்கில் காலையில் லாரிகளைப் பார்த்து ஒத்திகை பார்த்தார். இரண்டு லாரி ஓட்டுநர்களுக்கு அந்த உரை முழுக்க மனப்பாடம். ரப்பர் குழாயும் விடுமுறையும் கடைசி வரியாக, கழுவித் துடைத்த கத்திபோல, தயாராக இருந்தன.

மார்ச் மாதக் கூட்டத்துக்கு கிளப்பே திரண்டு வந்து மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தது. மேயர் அம்மாள், சீக்கிரம் முடித்துச் சாப்பிடப் போகும் பசியில் இருந்தவர், ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றார். க்ளெனிஸ் எழுந்தார்.

ஒரு டிங் இல்லை. நாயைப் பற்றிச் சொன்னபோது மண்டபம் சிரித்தது. இந்த முறை அவரோடு சேர்ந்து சிரித்தது. மரலாரியைப் பற்றிச் சொன்னபோது முன்வரிசைப் பெண் ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். சிரிப்புக்கும் மூக்குக்கும் நின்று நின்று போனதில் நேரம் கொஞ்சம் கூடியது. கூடினால் என்ன, ஐந்து நிமிடம் இருக்கிறதே. வாயை மூடினார். ஒன்று, இரண்டு, மூன்று. "இப்ப நான் சொல்லப் போற ஒரு விஷயம்…"

மூன்றாம் வரிசையில் ஒரு கை எழுந்தது. அதில் சிவப்பு அட்டை.

அட்டைகளை டெஸ்மண்ட் ஏன் கொண்டுவந்தார் என்பது அவருக்கே தெரியாது. அந்தக் கைக்கு நகரமன்றம் தெரியாது, ஐந்து நிமிடம் தெரியாது, மூன்று மட்டும்தான் தெரியும். கிளப் முழுக்க, என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலே, படபடவென்று தட்டியது. அதைக் கேட்டு மண்டபமும் தட்டியது. அதைவிடக் கொடுமை, ஏழு மாதப் பழக்கத்தில் க்ளெனிஸின் முட்டி தானாக மடங்கி அவரை உட்கார வைத்துவிட்டது.

"ரொம்ப நன்றி க்ளெனிஸ்," என்றார் மேயர். "ராட்னி, பதில் சொல்லுங்க."

க்ளெனிஸ் மெதுவாகத் திரும்பினார். அந்தப் பார்வைக்கு டெஸ்மண்டின் சட்டைக் காலர் கருகியிருக்கும்.

"யோவ் டெஸ்மண்ட்."

"கை… கை தானா போயிடுச்சு க்ளென்."

"உன் கையை வெட்டி மீனுக்குப் போடறேன், அது அப்புறம். இப்ப அந்த ஆள் பேச ஆரம்பிச்சுட்டான். உன் கடிகாரம் ஓடுதா?"

டெஸ்மண்ட் கீழே பார்த்தார். ஓடிக்கொண்டிருந்தது.

ராட்னி ஸ்ட்ரேக் வளர்ச்சி என்றார், நவீனம் என்றார், இரக்கம் வேறு கணக்கு வேறு என்றார். இன்னும் ஒரு மணி நேரம் பேசுகிற ஆயத்தத்தில் தண்ணீர் குடித்தார். மூன்றாவது நிமிடம் சிவப்பு எழுந்தது. கிளப் தட்டியது. மண்டபமும் தட்டியது. ராட்னி பாராட்டு என்று நினைத்து நெஞ்சில் கை வைத்துக் குனிந்தார். நிமிர்ந்து "மேலும்…" என்றார். தட்டினார்கள். "நான் என்ன சொல்ல வர்றேன்னா…" தட்டினார்கள். உட்காரும் வரை தட்டுவதுதானே விதி. கூரையிலிருந்து இரண்டு புறா கீழே விழுந்தன. கடைசியில் ராட்னி உட்கார்ந்தார், வாய் திறந்தபடி.

"அப்பாடா," என்றார் மேயர், தன்னை அறியாமல். "யாருக்காவது கேள்வி இருக்கா?"

க்ளெனிஸ் எழுந்தார். கையில் தாள் இல்லை. வாயை மூடிக்கொண்டு ராட்னியைப் பார்த்தார். மூன்று எண்ணவில்லை, பதினொன்று எண்ணினார், இரண்டு நாயையும் சேர்த்து.

"ஜூலையில எந்த வாரம் எண்ணுனீங்க ராட்னி?"

"உம்… அது…"

டிங்.

லார்னா மணியைக் கைப்பையிலேயே வைத்திருந்தார். அவர் கைக்கும் பழக்கம்.

"தேதி சொல்லுங்க."

"அது வந்து… உம்… இரண்டாவது…" டிங். டிங்.

"நான் சொல்றேன். பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்த வாரம். பிள்ளைங்க எல்லாம் பாட்டி வீட்டுல பான்கேக் தின்னுட்டிருந்த வாரம். காலி ரோட்டுல குழாயைப் போட்டு நாயை எண்ணிட்டு வந்து, என் பிள்ளைங்களை லாரிக்கு முன்னாடி விடப் போறீங்க. போன ஆகஸ்ட்ல இதைத்தான் சொல்ல வந்தேன். நீங்க சிரிச்சீங்க. இப்பச் சிரிங்க, பார்ப்போம்."

கத்தவில்லை. அதுதான் பயங்கரமாக இருந்தது.

மேயர் அறிக்கையைப் புரட்டினார், தேதியைக் கண்டார், கண்ணாடியைக் கழற்றினார். "ராட்னி, இது உங்களுக்குத் தெரியுமா?"

"உம்," என்றார் ராட்னி. டிங்.

கிராஸிங்கை எடுக்கும் தீர்மானம் ஐந்து நிமிடத்தில் கைவிடப்பட்டது. ராட்னி கூட எதிர்த்துக் கை தூக்கவில்லை. மூன்றாம் வரிசை துள்ளிக் குதித்தது. க்ளெனிஸ் அவர்களைத் திரும்பியும் பார்க்காமல் வெளியே போனார்.

திங்கட்கிழமை காலை எட்டரை மணி. பிள்ளைகள் எல்லாம் உள்ளே போயாயிற்று, ரோடு வெறிச்சென்று கிடந்தது. டெஸ்மண்டின் பழைய வண்டி மெதுவாக, தலை குனிந்ததுபோல, கிராஸிங் பக்கம் வந்தது. க்ளெனிஸ் நடு ரோட்டுக்குப் போய் 'நில்' பலகையை ஊன்றினார்.

டெஸ்மண்ட் நிறுத்தினார். யாரும் ரோட்டைத் தாண்டவில்லை. ஒரு காகம் கூடத் தாண்டவில்லை. அவருக்குப் பின்னால் ரொட்டி வண்டி நின்றது, அதன் பின்னால் மரலாரி, அதன் பின்னால் ஊரே.

டெஸ்மண்ட் ஜன்னல் கண்ணாடியை இறக்கினார். "க்ளென், யாருமே வரலையே?"

"தெரியும்."

"வேலைக்குப் போகணும்மா."

"நீ வேலையை விட்டு ஒன்பது வருஷமாச்சு. வாயை மூடிக்கிட்டு உக்காரு."

க்ளெனிஸ் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு நிமிடம். இரண்டு. மரலாரி ஓட்டுநர் ஹாரனில் கை வைத்தார், க்ளெனிஸின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். இரண்டரை. சரியாக மூன்றாவது நிமிடம் பலகையை இறக்கிவிட்டு ஓரமாக ஒதுங்கினார்.

டெஸ்மண்ட் வண்டியைக் கிளப்பவில்லை. இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து, ஜன்னலுக்கு வெளியே நீட்டி, பலமாகத் தட்டினார்.