சார் மீட்டிங்கில் இருக்கிறார்

பதினெட்டு வருஷமாக அவள் சொன்ன பொய் ஒன்றே ஒன்றுதான்: "சார் மீட்டிங்ல இருக்கார்." சார் பக்கத்து அறையில் காலை நீட்டிக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருப்பார், வாசல் மேஜையில் இருந்து இவள் வாய் கூசாமல் சொல்லிவிடுவாள். எதையாவது விற்க அழைப்பவர்களை உள்ளே விடாமல் அனுப்புவதற்குத்தான் அவளுக்குச் சம்பளமே. அதில் அவள் கெட்டிக்காரி. வணக்கம் சொல்கிற தோரணையிலேயே ஆளை எடை போட்டுவிடுவாள்.

இப்போது அவளே விற்பனைக்காரி. தீயணைக்கும் சிலிண்டர்களைச் சோதித்து, உள்ளே பவுடர் மாற்றித் தரும் சின்னக் கம்பெனி. மாடியில் ஒரு நீள அறை, ஐந்து மேஜை, ஐந்து போன். காலையில் ஒரு பட்டியல் கைக்கு வரும். முன்பின் தெரியாத நிறுவனங்களை அழைத்து, பொறுப்பில் இருப்பவரைப் பிடித்து, வாடிக்கையாளராக்க வேண்டும். எதிர்முனையில் என்ன சொன்னார்களோ அதைப் பெயருக்கு எதிரே அப்படியே எழுத வேண்டும் என்பது சூப்பர்வைசர் போட்ட சட்டம். அவள் பக்கங்களில் மீட்டிங், மீட்டிங், மீட்டிங். உலகத்தில் ஒரு சாரும் சும்மா உட்காருவதில்லை போலிருக்கிறது.

ஒரு மாதம் பார்க்கலாம் என்று சொல்லித்தான் எடுத்திருந்தார்கள். இன்றோடு அது முடிகிறது. ஒரு ஆர்டர்கூட இல்லை. அது கவலைதான். ஆனால் அதைவிடப் பெரிய பாரம் ஒன்று நெஞ்சில் கிடந்தது. முகம் தெரியாத ஆயிரம் பேரை அழைத்தவளுக்கு, மனப்பாடமாகத் தெரிந்த ஒரே ஒரு எண்ணை அழைக்க ஒரு வருஷமாகக் கை வரவில்லை.

அது பழைய கம்பெனியின் ஸ்டோர் கீப்பர் எண். அண்ணன் என்றுதான் அவரைக் கூப்பிடுவாள். கூடப் பிறக்காததுதான் குறை. மாலையில் வாசலைத் தாண்டும்போது, "என்னம்மா, இன்னிக்கு எத்தனை மீட்டிங்?" என்று கேட்காமல் அவர் வீட்டுக்குப் போனதில்லை. இவளும் விரல் விட்டு எண்ணிச் சொல்வாள்.

அவள் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஒரு சிவப்பு சிலிண்டர் தொங்கும். அதன் கைப்பிடியில்தான் அவள் கைப்பையை மாட்டுவாள். போன வருஷம் ஒரு மதியம் ஸ்டோரில் அட்டைப்பெட்டிகள் தீப்பிடித்தன. அண்ணன் ஓடி வந்து, பையை எடுத்து அவள் மடியில் போட்டுவிட்டு, சிலிண்டரைக் கழற்றிக்கொண்டு ஓடினார். அழுத்தினால் கொஞ்சம் தூசி வந்தது, அவ்வளவுதான். காலாவதியாகி நாலு வருஷம். வெறுங்கையால் பெட்டிகளை இழுத்துப் போட்டதில் அவருடைய இரண்டு உள்ளங்கைகளும் வெந்துபோயின. அதோடு கம்பெனியையும் மூடிவிட்டார்கள்.

அவள் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போய்த் திரும்பிவிட்டாள். தீப்பிடிப்பதற்கு முன் இரண்டு வருஷமாகத் திங்கட்கிழமை தவறாமல் ஒருவர் போன் செய்து, சிலிண்டர் சர்வீஸ் பற்றி சாரிடம் ஒரு நிமிஷம் பேச வேண்டும் என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். விடாமல் தடுத்தது இவள்தான். எந்தக் கம்பெனி என்றுகூடக் காதில் வாங்கியதில்லை. வேலை தேடி இப்போது வந்து சேர்ந்த இடமே அந்தக் கம்பெனிதான் என்பது முதல் வாரம் பழைய பட்டியலைப் புரட்டும்போது தெரிந்தது. தன் பழைய கம்பெனியின் பெயருக்கு எதிரே, சூப்பர்வைசரின் கையெழுத்தில், பக்கம் முழுக்க மீட்டிங். பட்டியலையும் மூடினாள், வாயையும் மூடிக்கொண்டாள்.

நாலரை மணிக்கு ஒரு அச்சகத்தை அழைத்தாள்.

"சார் மீட்டிங்ல இருக்கார்," என்றது ஒரு பெண்குரல், இவள் வாயைத் திறந்த மாத்திரத்தில். அவளும் கெட்டிக்காரிதான்.

எப்போது அழைக்கலாம் என்று கேட்க வேண்டும். பேச எழுதிக் கொடுத்திருந்த தாளில் அடுத்த வரி அதுதான். அவள் தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

"இருக்கட்டும்மா. சார் வேண்டாம். உங்ககிட்டதான் பேசணும். உங்க சீட்டுக்குப் பக்கத்துல சிவப்பு சிலிண்டர் இருக்கா?"

"இருக்கு. அதுக்கென்ன இப்ப?"

"அதுல என்ன மாட்டி வெச்சிருக்கீங்க?"

"என் பையை. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நானும் மாட்டியிருந்தேன். பதினெட்டு வருஷம் அந்த மாதிரி ஒரு சீட்லதான் உக்காந்திருந்தேன்."

அண்ணனைப் பற்றிச் சொன்னாள். தூசி வந்ததை, கைகள் வெந்துபோனதை, ஒன்றையும் கூட்டிக் குறைக்காமல் சொன்னாள்.

"கொஞ்சம் எழுந்து, அதுல கட்டியிருக்கற அட்டையில என்ன தேதின்னு பாருங்க. எங்ககிட்ட வாங்கணும்னு இல்ல. பாத்தா போதும்."

நாற்காலி பின்னால் நகர்ந்தது கேட்டது. திரும்பி வந்த குரலில் அந்த விறைப்பு இல்லை.

"தேதி முடிஞ்சு மூணு வருஷம் ஆகுதுக்கா. உங்க ஆபீஸ்லேர்ந்து முன்னாடியும் ஒருத்தர் கூப்பிட்டாரு. நான்தான்..."

"பரவாயில்லம்மா," என்றாள். அந்த வார்த்தையை ஒரு வருஷமாக யாராவது தன்னிடம் சொல்ல மாட்டார்களா என்று ஏங்கியிருந்தவள் அவள். "இப்ப பாத்துட்டீங்கல்ல."

"லைன்லயே இருங்கக்கா. சார் உள்ளதான் இருக்காரு. குடுக்கறேன்."

சார் பேசினார். இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, மறுநாள் காலையில் ஆள் அனுப்பச் சொன்னார்.

கடைசி நாள் என்பதால் சூப்பர்வைசர் தன் மேஜையிலிருந்து அவள் அழைப்புகளைக் கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"இப்ப போன்ல சொன்னீங்களே, அது எந்தக் கம்பெனின்னு நீங்க சொல்ல வேண்டாம். இன்டர்வியூல வணக்கம் சொன்னப்பவே குரல் தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் ஏன் சார் என்னை எடுத்தீங்க?"

"ரெண்டு வருஷமா, சாரைக் குடுங்க, சாரைக் குடுங்கன்னே கேட்டேன். போனை எடுத்த உங்ககிட்ட, எழுந்து சிலிண்டரைப் பாருங்கன்னு ஒரு வார்த்தை சொல்லல. தீப்பிடிச்ச செய்தியைப் பேப்பர்ல பாத்த அன்னிக்கு எனக்கும் சாப்பாடு எறங்கல. நீங்க மட்டும் சுமக்கணும்னு இல்லம்மா."

"ஒரு சொந்த போன் பண்ணிக்கலாமா சார்?" என்று மட்டும் கேட்டாள். அவர் தலையசைத்துவிட்டுப் போனார்.

எண்ணைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. அந்தக் கைகளால் போனை எடுக்க நேரமாகும் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வைத்துவிடாமல் பிடித்துக்கொண்டாள்.

"ஹலோ."

"அண்ணே... நான் ரிசப்ஷன்லேர்ந்து பேசறேன்."

இதற்கு மேல் என்ன பேசுவது என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை. அவள் காத்திருந்தாள்.

"ஒரு வருஷமா பெரிய மீட்டிங்தான் போல," என்றார் அண்ணன். "முடிஞ்சுதாம்மா?"

"முடிஞ்சுதுண்ணே," என்றாள் அவள்.