கயிற்றோடு நின்ற வாக்கியம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. பக்கத்துப் பண்ணை நோரீன் ஒரு விசில் அடித்தால் போதும், அவளுடைய நாய் ஃபீகோ, க்ரோ சமவெளியில் சிதறிக் கிடக்கும் அத்தனை ஆடுகளையும் திரட்டிக்கொண்டு வந்துவிடும். என் வாக்கியங்கள் என்றைக்கு நான் கூப்பிட்டு வந்தன?

முதல் தொடக்கம்: ‘மிஸ்திரால் காற்று வீசிக்கொண்டிருந்தது.’ (அடித்துவிட்டேன். இந்த ஊரில் அது எப்போதுதான் வீசவில்லை?)

2

ஃபீகோவுக்கு வயதாகிவிட்டது. குட்டி போட இதுதான் கடைசிப் பருவம். அதோடு சேர்க்க இதே இனத்து ஆண்நாய் அக்கம்பக்கத்தில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம்: எல்செயார் கிழவரின் தம்பூர். கிழவரோ முறுக்கிக்கொண்டார்.

“உன் நாயோட பாட்டி ரோன் ஆத்துக்கு அந்தாண்டேர்ந்து வந்தவளாமே? கண்டவளுக்கும் என் தம்பூரைக் குடுக்க முடியாதும்மா.”

“சம்பந்தமா பேசுறோம்? நாய்ண்ணே அது!”

“பாரிஸ்லேர்ந்து பரிசோதகர் வர்றாரு. இவ சுத்தமான க்ரோ நாய்தான்னு அவரு சொல்லட்டும். அப்புறம் பாக்கலாம்.”

3

பரிசோதகர் வோத்தியே வருவதற்கு முந்தின நாள் ஆடுகளுக்கு மயிர் கத்தரித்தார்கள். ஆடுகள் முடிந்ததும் நாயையும் பிடித்துக் கத்தரித்துவிடுவது இங்கே வழக்கம், கோடை வெயிலுக்காக. யாருக்கும் உறைக்கவில்லை. ஃபீகோ திமிறாமல் அதன் காலைப் பிடித்துக்கொண்டதே நோரீன்தான்.

(கொஞ்சம் மிகையாகத் தெரிகிறதா? இந்த ஊர்க்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். “பின்ன, நாயை மட்டும் விட்டுட்டா அது ஏங்கிப்போகாதா?” என்பார்கள்.)

வோத்தியே வந்தார். மொட்டை நாயைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“கண்ணை மறைக்கிற சடைதாம்மா இந்த இனத்துக்கே அடையாளம். இங்க முடியே இல்லையே! அடுத்த வருஷம் பாக்கலாம்.”

“ஐயா, முடியா ஆட்டை ஓட்டுது?” என்று நோரீன் ஒரு விசில் அடித்தாள். ஃபீகோ மந்தையையே கொண்டுவந்து அவர் பளபளக்கும் செருப்பின்மேல் நிறுத்தியது.

“வேலையைப் பாக்க நான் வரலீங்க” என்றார் வோத்தியே, வருத்தத்தோடு.

(இவரைக் கெட்டவராக்கப் பார்த்தேன், முடியவில்லை. மனிதர் நாய்க்குக் கைகூப்பாத குறை.)

மாதிரிக்கென்று எல்செயார் கூட்டிவந்திருந்த தம்பூரை வோத்தியே மனமாரப் பாராட்டினார். எல்லோரும் சாப்பிட உள்ளே போனார்கள். போகும் முன் நோரீன், ஃபீகோவைக் கட்டிப்போடக் கயிற்றை எடுத்துக்கொண்டு

(பேனா ஓடவில்லை. அப்புறம் வந்து முடிக்கிறேன்.)

4

ஆலிவும் ஆட்டுப் பாலாடைக்கட்டியும் அப்படியே கிடந்தன. “இவளோட முடிஞ்சுதுண்ணே” என்று நோரீன் அழுதேவிட்டாள். எல்செயார் ஒயினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிவு அ: கிழவர் மனமிளகுகிறார். (அவரைத் தெரிந்தவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.)

முடிவு ஆ: வோத்தியே விதியைத் தளர்த்துகிறார். (பாரிஸைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.)

முடிவு இ: வம்சம் அற்றுப்போகிறது. (இதற்கு யாரும் சிரிக்கவில்லை. நானும்தான்.)

5

நான்காவது முடிவை யோசித்துக்கொண்டிருந்தபோது வைக்கோல் கொட்டகைப் பக்கம் எல்செயாரின் கூச்சல் கேட்டது.

“அடப்பாவி தம்பூர்! யாரு இவளைக் கட்டாம விட்டது?”

நோரீன் ஓடிப்போய்ப் பார்த்தாள். கன்னத்தில் ஈரம் காயாமலே சிரிக்க ஆரம்பித்தாள். “இனி பிரிக்க முடியாதுண்ணே. உங்க தம்பூருக்குச் சடையும் வேண்டாம், பரிசோதகரும் வேண்டாம்!”

வோத்தியே தொப்பியைக் கழற்றிக்கொண்டு வேறு பக்கம் திரும்பி நின்றார். கிழவர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார், யார் கட்டாமல் விட்டது என்று. நான் வாயைத் திறக்கவில்லை.

குட்டிகளுக்குச் சடை வருமா, கிழவர் அவற்றைச் சம்பந்தி வீட்டுப் பிள்ளைகளாக ஏற்பாரா, அதையெல்லாம் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்: மேலே திரும்பிப் போய் அந்தக் கயிற்று வாக்கியத்தை முடித்துவைத்துவிடாதீர்கள்.