சபைச் சுவரில் ஒரு குடிகாரன்

குடியின் கேட்டை வேதத்தில் உள்ளபடியே சபைச் சுவரில் வரைய, போதகர் தேடிப் பிடித்த ஆள் எங்கள் பெயிண்டர். தெருவிலேயே பேர்போன குடிகாரர். எதிரே தையல் கடை வைத்திருக்கும் எனக்கு அந்த வாரம் தைக்கவே ஓடவில்லை.

பெயிண்டருக்கோ அது வாழ்வா சாவா என்கிற வேலை. "இந்தப் படம் முடியறதுக்குள்ள ஒரு சொட்டு உள்ள போச்சுன்னாலும் எங்கண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். திரும்ப வரமாட்டேன்" என்று அவர் மனைவி தெருவே கேட்கும்படி சொல்லியிருந்தார். சொன்னதைச் செய்கிற பெண்மணி.

மனிதர் குடிக்கவில்லை. கைதான் நடுங்கியது. வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு வரைந்தார். இரத்தம் கட்டிய கண், காரணமில்லாத காயம், நடுக்கடலில் பாய்மரத்தின் உச்சியில் தூங்கும் கோலம் என்று வேதத்தின் எச்சரிக்கை எல்லாம் சுவரில் ஏறியது. முகத்துக்கு மாதிரி வேண்டுமே! ஏணியில் ஒரு கண்ணாடியைக் கட்டித் தன் மூஞ்சியையே பார்த்து வரைந்தார்.

வம்பு அங்கேதான் ஆரம்பித்தது. முதலில் பால்காரர் வந்தார்.

"என் மூக்கை எதுக்குய்யா சுவத்துல ஏத்தின?"

அடுத்து பூட்டு ரிப்பேர்காரர் தன் காதுக்காகச் சண்டைக்கு வந்தார். போதகரின் மச்சினன்கூட ஓசைப்படாமல் வந்து, "மீசையையாவது அழிச்சிடுங்க" என்று கெஞ்சினார். அந்தத் தாடை அப்படியே என்னுடையது. கடைக்குள் போய் அளவு நாடாவைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

ஆத்திரம் அடங்காத பால்காரர், பெயிண்டர் ஏணியில் தள்ளாடுவதாக அவர் மனைவியிடம் போய்ப் பற்றவைத்துவிட்டார். அன்று சாயங்காலமே அந்தம்மா துணிப்பெட்டியும் கையுமாக வந்து நின்றார்.

"இறங்கி வாங்க. ஊதுங்க."

பெயிண்டர் பயந்துகொண்டே ஊதினார். டர்பன்டைன் வாடை மட்டும்தான் வந்தது. பால்காரர் மெல்ல நழுவினார்.

அந்தம்மா படத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"எல்லாம் சரி. இவனைத் தூக்கிட்டு வீடு வர்றவ எங்க?"

"வசனத்துல அப்படி யாரும் இல்லையே."

"வீட்டுல இருக்காளே!"

பெயிண்டருக்குக் கண் கலங்கிவிட்டது. சும்மா சொல்லக்கூடாது, எனக்கும்தான். அவர் தூரிகையைத் துடைத்து, பாய்மரத்தின் அடியில் கொஞ்சம் இடத்துக்கு வெள்ளை அடித்தார்.

"பெட்டியைக் கீழ வெச்சுட்டு இப்படி நில்லும்மா."

"பெட்டியோடயே வரைங்க" என்றார் அந்தம்மா. "தினமும் இந்த வழியாத்தானே போறீங்க?"