முன்சீப் திருத்திய சொல்

1943ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் பதினோராம் நாள், திருத்தணித் தாலுகாவில், பரசுராமன் என்னும் உழவன் சொல்லாத ஒரு சொல்லை அவன் சொன்னதாக எழுதி, அதன் கீழ் அவனுடைய கைரேகையை வாங்கினார்கள். எழுதியவர் பொய்யர் அல்லர். அவனுக்குப் பகைவரும் அல்லர். தமிழை நன்கு கற்றவர் என்று தம்மைப் பற்றி எண்ணியிருந்தவர். அவர் செய்ததைக் குற்றம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. இந்தக் கதையின் முறையீடு அதுதான்.

அந்த வாக்குமூலத்தை முதன்முதலாகக் கையில் எடுத்தபோது வக்கீல் வேதாசலத்துக்கும் அதில் குறை ஒன்றும் தென்படவில்லை. வரப்புத் தகராறும் அடிதடியுமாகத் திருத்தணியில் காலம் தள்ளி வந்தவர் அவர். கொலை வழக்கு அவருக்குப் புதிது. கனகம்மாசத்திரத்துக்குத் தெற்கே உள்ள சிற்றூரில் ஊர் மணியம் பார்த்த கிராம முன்சீப் ஜெகநாதன் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்: "நானும் என் தமையன் கஜபதியும் கிணற்றில் நீர் இறைக்கும் முறை குறித்து வாய்ச்சண்டை இட்டோம். அவன் மாடுகளைப் பூட்டி, சால் இழுக்கும் வடத்தின் மேல் அமர்ந்து ஓட்டினான். வடம் அறுந்தது. அவன் விழுந்தான். நான் ஓடிச் சென்று மார்பில் அடித்தேன். அவன் இறந்தான்."

விழுந்து கிடந்தவனை ஓடிப்போய் அடித்துக் கொன்றவன் என்று பொருள். பக்கத்து வயலில் இருந்த சேட்டு என்பவன், பரசுராமன் முதுகைக் காட்டி மண்டியிட்டபடி இரு கைகளையும் ஓங்கி ஓங்கி இறக்கியதைக் கண்ணால் கண்டதாகச் சொன்னான். விலா எலும்பு முறிந்து நுரையீரலில் குத்தியிருந்தது. கல்லில் விழுந்தும் முறிந்திருக்கலாம், கையால் குத்தியும் முறிந்திருக்கலாம் என்று டாக்டர் நடுவில் நின்றுகொண்டார். தூக்குக்கு இவ்வளவு போதும்.

தாலுகா கச்சேரியை ஒட்டிய சப்ஜெயிலில் வேதாசலம் தம் கட்சிக்காரனைப் பார்த்தார். கம்பிக்கு அந்தப்புறம் குந்தியிருந்தவன் எழுந்திருக்கவில்லை.

"உங்கள யாருங்க வரச்சொன்னது?" என்றான்.

"உன் பொஞ்சாதி தாயம்மாள்."

"அவளுக்கு வேற வேலை இல்ல. நீங்க போயி வேற கேசு பாருங்க."

"தூக்குல போட்டுடுவாங்கப்பா."

"போடட்டுங்க. கயிறு மட்டும் நல்லதாப் பாத்துப் போடச் சொல்லுங்க. எங்க வடம் மாரி நடுவுல அறுந்துடப் போவுது."

வேதாசலம் இதற்கு முன் பொய் சொல்லும் கட்சிக்காரர்களைப் பார்த்திருக்கிறார், அழுகிறவர்களையும் பார்த்திருக்கிறார். தன் கழுத்தை வைத்துத் தானே கேலி பேசுகிறவனை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அன்று என்ன நடந்தது என்று எத்தனை விதமாகக் கேட்டாலும், "முன்சீப்பு ஐயாகிட்ட சொல்லியாச்சு. ரெண்டாந்தரம் வாயில வராது" என்னும் ஒரே பதில்தான் வந்தது.

வெளியே தாயம்மாள் நின்றிருந்தாள். அவளிடம் கேட்டபோது, புடவைத் தலைப்பைக் கையில் சுற்றியவாறே, அவள் சொல்லக் கூசிய ஒன்றைச் சொன்னாள்.

"போன ஆடிக் கிருத்திகைக்கு மலைமேல சத்தியம் பண்ணாருங்க. கற்பூரத்தக் கொளுத்தி, கையால அடிச்சி அணைச்சி. 'இவன் எனக்கு அண்ணனே இல்ல, இவன் செத்தா மாரடிக்க மாட்டேன், ஒரு சொட்டுத் தண்ணி வுடமாட்டேன்'னு. ஊரே கேட்டுகினு நின்னுச்சி."

"அண்ணனும் இருந்தாரா?"

"ஆங். அவரும் இருந்தாரு, எங்க அக்கா கோவிந்தம்மாளும் இருந்துச்சி. எல்லாம் அந்தக் கெணத்தாலதாங்க. ஒரு கெணறு, ரெண்டு பாகம்."

கோவிந்தம்மாள் கஜபதியின் மனைவி, இப்போது கைம்பெண். வேதாசலம் வீடு திரும்பும் வழியெல்லாம் இதையே எண்ணினார். போலீசாருக்குத் தேவையான பகையைத் தம் கட்சிக்காரனே முருகன் சன்னிதியில் சாட்சிகளோடு எழுதிக் கொடுத்திருக்கிறான்.

மறுமுறை போனபோது அவர் பணிவாகக் கேட்கவில்லை, சுட்டார்.

"கீழ விழுந்தவன அடிக்கிறது பெரிய வீரந்தான். உங்க நைனா அப்படித்தான் வளத்தாரா?"

பரசுராமன் எழுந்து கம்பியருகே வந்தான். "எங்க நைனாவ இழுக்காதீங்க. விழுந்தவன் மேல கைய வெக்கிற வம்சம் இல்ல எங்க வம்சம். ஓடனேன், அடிச்சிகினேன், அவன் பூட்டான். அம்புட்டுதான்." பிறகு, சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டவன் போல வாயை மூடிக்கொண்டான்.

அவன் அடித்ததை ஒப்புக்கொண்டான் என்றே எண்ணி வேதாசலம் வெளியே வந்தார். மலையடிவாரக் கடைத்தெருவில், திருப்பதிக்குப் போகிற வழியில் இறங்கிய ஒருவர் தேங்காய்க்காரியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தார். "இந்த வெலைக்குக் குடுத்துட்டு நான் தலைல அடிச்சிகினு வூட்டுக்குப் போறதா சாமி?" என்று சொல்லி அவள் தன் நெற்றியில் பட்டென்று ஒன்று வைத்துக்கொண்டாள்.

வேதாசலம் நின்றுவிட்டார்.

யாருடைய தலையில் என்று அந்த யாத்திரிகர் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவை இல்லை. வினைச்சொல்லே அதைச் சொல்லிவிட்டது. அடித்தல் வேறு, அடித்துக்கொள்ளுதல் வேறு. முன்னதன் பயன் பிறர்மேல் செல்கிறது. பின்னது செய்தவன் மேலேயே திரும்புகிறது. 'கொள்' என்னும் ஒரு துணைவினை நடுவில் நின்று அந்த வேறுபாட்டைக் காக்கிறது. அதனை இந்தப் பக்கத்தார் 'கினு' என்றும் 'கினேன்' என்றும் உருட்டிப் பேசுகிறார்கள். வந்துகினு, போயிகினு, தின்னுகினு என்று எங்கும் அது ஒலிப்பதால் பிறந்த நாள்முதல் கேட்டவர்களின் காதில் அது விழுவதே இல்லை. வேதாசலத்தின் காதிலும் விழவில்லை.

மாரில் அடிச்சிகினேன். ஓடிப்போனான், மண்டியிட்டான், தன் மார்பில் தானே அடித்துக்கொண்டான். பின்னாலிருந்து பார்த்த சேட்டு கண்டது ஓங்கி இறங்கிய கைகளை மட்டும். மலைமேல் எதைச் செய்யமாட்டேன் என்று சத்தியம் செய்தானோ அதையே செய்தான். அதிர்ச்சியில் ஒருமுறை சொல்லிவிட்டான். இரண்டாம் முறை சொல்ல வாய் வரவில்லை.

அவர் உடனே திரும்பிப் போய் அதைக் கம்பி வழியாகச் சொன்னபோது பரசுராமன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

"கோர்ட்டுல அத எடுத்தீங்கன்னா, இல்லன்னுடுவேன்" என்றான்.

"உயிரு போயிடும்பா."

"உசுரு போனா ஒரு நாளு. சாமிகிட்ட சொன்ன வார்த்தைய மீறனவன்னு ஊரு சொன்னா, எம்புள்ளைங்க தலைமொற வரைக்கும் நிக்கும். நீங்க போங்கய்யா."

திருத்தணி சப்மாஜிஸ்திரேட் முன் நடந்தது முதல் விசாரணைதான். வழக்கில் உரம் உண்டென்று அவர் கண்டால் கைதியைச் சித்தூர் செஷன்ஸ் கோர்ட்டுக்கு அனுப்புவார். இல்லையென்றால் அங்கேயே விட்டுவிடலாம். இத்தகைய விசாரணையில் கைதியின் வக்கீல் வாய் திறக்காமல் இருந்து, கையிலுள்ளதைச் சித்தூரில்தான் விரிப்பார். அதுதான் வழக்கம், அதுதான் விவேகமும்கூட. இங்கே விரித்துத் தோற்றால், அங்கே போவதற்குள் போலீசார் ஓட்டையை அடைத்துவிடுவார்கள். ஆனால் முன்சீப்பைச் சித்தூருக்குக் கூட்டிப்போகுமுன் அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தும் விடுவார்கள். இன்றைக்கு அவரிடம் இருப்பது தம் தமிழைப் பற்றிய பெருமை ஒன்றுதான். வேதாசலம் அந்தப் பெருமையை நம்பி எழுந்தார். தம் கட்சிக்காரனை அவர் நம்பவில்லை.

"வாக்குமூலத்தின் நடை மிகவும் தெளிவாக இருக்கிறது. இது கைதியின் நடையா?"

ஜெகநாதன் நிமிர்ந்து நின்றார். "அவன் பேச்சு கொச்சை. சர்க்கார் ஏட்டில் கொச்சை ஏறலாகாது. செந்தமிழாக்கி எழுதினேன். பொருளை மாற்றவில்லை."

"எந்தக் கொச்சையை நீக்கினீர்கள்?"

"பலவற்றை. முக்கியமாக இந்தக் 'கினு'. அதற்கு அர்த்தமே கிடையாது. இருமல் போல இடையிடையே வரும், அவ்வளவுதான். கண்ட இடத்தில் எல்லாம் வெட்டிவிடுவது என் வழக்கம்."

"மார்பைப் பற்றிக் கைதி சொன்னதை, வெட்டாமல், அவன் சொன்னபடியே சொல்லுங்கள்."

முன்சீப் சற்றுக் கூச்சத்தோடு, அழுக்குத் துணியை இரு விரலால் தூக்குபவரைப் போல, "'மாருல அடிச்சிகினேன்' என்றான்" என்றார்.

மாஜிஸ்திரேட் கடப்பைப் பக்கத்துத் தெலுங்கர். தமிழ் அவருக்குக் கச்சேரியோடு சரி. இந்த வேறுபாடு பிடிபடாமல் அவர் எழுதிக்கொண்டே போனார். வேதாசலம் அதற்கும் ஆயத்தமாக வந்திருந்தார்.

"உங்களுக்குத் தெலுங்கு வரும் அல்லவா? கைதி சொன்ன அந்தச் சொல்லைத் தெலுங்கில் கோர்ட்டாருக்குச் சொல்லுங்கள்."

எல்லையோரத்தில் பிறந்தவருக்கு அது ஒரு வேலையா? ஜெகநாதன் யோசிக்காமலேயே சொன்னார்: "கொட்டுகொன்னானு."

மாஜிஸ்திரேட்டின் பேனா நின்றது. "கொட்டினானு காதா?" என்று கேட்டார். அடித்துக்கொண்டேனா, அடித்தேன் என்பது அல்லவா, என்று பொருள்.

"காதண்டி," இல்லை ஐயா, என்று சொல்லிய பிறகுதான் முன்சீப்புக்குத் தாம் என்ன சொன்னோம் என்பது விளங்கியது. தெலுங்கில் அந்தக் 'கொன்'னை வெட்ட அவருக்கு ஒருபோதும் தோன்றியதில்லை. தமிழில்தான் வெட்டினார், தமிழில்தான் அவர் புலவர்.

வழக்கை நடத்திய இன்ஸ்பெக்டர் விடவில்லை. "அண்ணன் செத்தால் மாரடிக்க மாட்டேன் என்று மலையில் கற்பூரம் அணைத்தவன் இவன். சாட்சிக்கு ஊரே இருக்கிறது. அவன் மாரடித்தான் என்று வக்கீல் சொல்வதை யார் நம்புவார்கள்? கைதியே சொல்லட்டும்."

மாஜிஸ்திரேட் கூண்டைப் பார்த்துத் தம் உடைந்த தமிழில் கேட்டார்: "நீ சொல்லு. எவர் மாருல?"

வேதாசலம் கைதியைப் பார்க்கவில்லை, பார்க்கத் துணியவில்லை. இல்லன்னுடுவேன் என்று சொன்னவன் சொன்னதைச் செய்பவன். இனி அந்த ஒரு சொல்லை எந்த வாதமும் மீட்காது.

பரசுராமன் கோர்ட்டின் பின்புறத்தைப் பார்த்தான். அங்கே கோவிந்தம்மாள் பொட்டில்லாத நெற்றியோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். தன் கணவன் செத்தபோது அவனுக்காக அழ ஒருவனும் இல்லை, அடிக்கத்தான் ஒருவன் இருந்தான் என்று இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருப்பவள். ஊர் சொல்வதைப் பற்றித்தான் அவன் எண்ணியிருந்தான். இவளைப் பற்றி எண்ணவில்லை.

"எம் மாருலதாங்க," என்றான். "அடுத்தவன் மாருல எவனாச்சும் அடிச்சிக்க முடியுங்களா?"

பின்பக்கம் யாரோ சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

"சத்தியம் பூடுச்சிங்க. போவட்டும். கூடப் பொறந்தவனே பூட்டான்." பிறகு மாஜிஸ்திரேட்டை விட்டுவிட்டுக் கோவிந்தம்மாளிடம் சொன்னான்: "ஓடனேன் அண்ணி. நான் போறதுக்குள்ள மூச்சு நின்னு பூடுச்சி."

அவள் முகத்தை மூடிக்கொண்டாள். தாயம்மாள் நகர்ந்து போய் அவளருகில் உட்கார்ந்தாள்.

சேட்டுவை மாஜிஸ்திரேட் மீண்டும் கூப்பிட்டார். கைகள் இறங்கிய இடத்தைக் கண்டாயா என்ற கேள்விக்கு, "முதுகுதாங்க தெரிஞ்சிச்சி" என்றான். செஷன்சுக்கு அனுப்பக் காரணம் இல்லை என்று மாஜிஸ்திரேட் எழுதினார். பரசுராமன் வக்கீலுக்கு ஒரு கும்பிடும் போடாமல், தலையைக் குனிந்தபடி இரு பெண்களுக்கும் பின்னால் நடந்து போனான்.

வாசலில் ஜெகநாதன் வேதாசலத்தை வழிமறித்தார். உள்ளபடியே வருத்தப்பட்டிருந்தார். "வாக்குமூலத்தை அவனுக்குப் படித்துக் காட்டித்தான் ரேகை வாங்கினேன். தலையசைத்தான். என் எழுத்தில் இலக்கணப் பிழை ஏதாவது உண்டா, சொல்லுங்கள்?"

"ஒன்றுகூட இல்லை" என்றார் வேதாசலம். அதைவிடக் கடுமையான சொல் ஒன்றைத் தேடினார், அகப்படவில்லை. முன்சீப் மனம் தேறியவராய்க் கனகம்மாசத்திரம் போகும் பஸ்ஸில் ஏறினார். அடுத்த வாரமே அவர் வேறொரு வாக்குமூலம் எழுதினார்.

இதைப் படிக்கிறவரே, உமக்கு எழுதத் தெரியும். ஆகையால் மனு எழுதவோ, சாட்சி எழுதவோ, எழுத்தறியாத ஒருவர் என்றாவது உம் எதிரில் வந்து நிற்பார். அவர் சொல்லும் வினைமுற்றில் கை வைக்காதீர். அது உம் காதுக்குக் கொச்சையாகப் பட்டால், கொச்சையாகவே எழுதும். எழுதியதை உம்முடைய தமிழில் படித்துக் காட்டாமல் அவருடைய தமிழில் படித்துக் காட்டி, அவர் வாய்விட்டு ஆம் என்று சொல்லும் வரையில் காத்திரும். அந்தப் பொறுமை இல்லையென்றால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போம்.