கயிற்றுத் தடம்

பெரகலைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் ஆறாம் நம்பர் மலைதான் ஆகச் செங்குத்து. அங்கே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த றோசாலி ஒரே மாதத்தில் மூன்று தடவை விழுந்துவிட்டாள். மூன்றாம் தடவை ஒரு தேயிலைச் செடிதான் அவளைத் தடுத்து நிறுத்தியது. இரண்டு முழம் தள்ளிப் பள்ளம். இடது கை விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. பின்னேரமானால் தலைவலி உயிரை வாங்கியது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர், வேலைக் கள்ளம் என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். பதுளையில் ஒரு டாக்டர்தான் மனமிரங்கி, மூளையை ஸ்கேன் எடுக்கும்படி கொழும்புக்கு எழுதிக் கொடுத்தார். படத்தில் நோய் தெரிந்தால் வைத்தியம். தெரியாவிட்டால் மறுபடி ஆறாம் நம்பர் மலை.

எண்பத்தெட்டாம் வருஷம் அது. கொழும்பில் ஸ்கேன் இயந்திரத்தை ஓட்டியவன் ஹுமைத், பதுளை பஜாரில் துணிக்கடை வைத்திருப்பவரின் மகன். ஊர்ப் பேரைக் கேட்டதும் அவன் முகம் மலர்ந்தது.

"பெரகலையா? நம்ம பக்கந்தானே. பயப்பட வாணாம்மா, இது குத்தாது, கடிக்காது. தலைய மட்டும் ஆட்டாம இரிங்க."

"ஆடாம இருக்கத்தாங்க ஒரு மாசமா முடியல," என்றாள் றோசாலி. வாசலில் நின்ற அவள் புருஷன் சிங்கராயர் சிரிக்கவில்லை.

திரையில் படம் வந்தது. மூளையின் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை. ஹுமைத் எழுந்து போய் அவள் உச்சந்தலையை விரலால் தடவினான். முடி தேய்ந்து, எலும்பிலேயே ஒரு வாய்க்கால் ஓடியது.

"எத்தன வருஷமா கூடை தூக்குறீங்க?"

"பதிமூணு வயசுல தலையில கயித்த மாட்டுனதுங்க. இப்ப நாப்பத்தாறு."

அவன் கைக்கு வந்த நான்காவது தோட்டத்துத் தலை இது. மண்டையோடு எங்கும் ஒரே சீரான பருமன் என்றுதான் கம்ப்யூட்டர் கணக்குப் போடும். கூடைக்கயிறு அழுத்தித் தேய்த்த எலும்பைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. கணக்குப் பிசகும் இடத்தில் பட்டை விழும். அதற்கும் கம்ப்யூட்டரிலேயே ஒரு திருத்தம் இருந்தது. பட்டையை அழித்துவிட்டு, இரண்டு பக்கமும் உள்ள சாயலை எடுத்து நடுவில் நிரப்பிவிடும். பட்டை விழுந்த படம் தன் மேசைக்கு வரவே கூடாது என்பது படம் பார்த்து ரிப்போர்ட் எழுதும் பெரிய டாக்டரின் உத்தரவு. அப்படி இரண்டு படம் அனுப்பித்தான் ஹுமைத்துக்கு முன்னால் இருந்த ஆளுக்கு வேலை போனது.

பட்டைக்குள்ளே, வலது பக்கத்தில், உளுந்து அளவில் ஒரு வெள்ளை தெரிந்தது. பட்டையின் சேட்டையா, வேறு ஏதாவதா? தலையைக் கொஞ்சம் சரித்து வைத்து இன்னொரு தடவை எடுத்தால் விளங்கிவிடும். ஹுமைத் போனில் பெரிய டாக்டரைக் கேட்டான். ஓர் ஆளுக்கு ஒரு தடவைதான், திருத்தி அனுப்பு என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார். வெளியே பதினொரு பேர் காத்திருந்தார்கள்.

ஹுமைத் பொத்தானை அழுத்தினான். பட்டை போயிற்று. உளுந்தும் போயிற்று.

"படம் நல்லா வந்திருச்சாங்க?" என்று கேட்டாள் றோசாலி.

"வந்திரிக்கிம்மா," என்றான். அவள் முகத்தைப் பார்க்க அவனுக்கு வெட்கமாக இருந்தது.

பத்து நாள் கழித்து, தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிஸ்பென்சர் அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கூடவே வந்த கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.

"பாத்தியா? சுத்தமா இருக்கு. ஒனக்கு ஒரு மண்ணும் இல்ல."

"ஐயா, நேத்து சோத்துச் சட்டிய எறக்கக்கூட முடியலைங்க. கை நழுவிப் போகுது."

"கொழும்புக் கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா, நீ சொல்லுவியா?"

சிங்கராயருக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "மூணு வாட்டி விழுந்தவங்க இவ. நாலாவது வாட்டி பள்ளத்துல போனா, அந்தப் படத்தையா கொண்டுபோய்ப் பொதைக்கிறது?"

டிஸ்பென்சர் மேசை லாச்சியைத் திறந்து அச்சடித்த தாள் ஒன்றை எடுத்தார். "நாளையிலேருந்து மலைக்குப் போகலாம்னு எழுதியிருக்கு. வெரலு வை."

றோசாலி வலது கையை நீட்டினாள்.

"எடது பெருவெரலு."

இடது கை அவள் மடியில் கிடந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பல்லைக் கடித்தாள், தோள் மட்டும் கொஞ்சம் ஏறி இறங்கியது. கை வரவில்லை.

டிஸ்பென்சருக்குப் பொறுமை இல்லை. எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கையைத் தூக்கி மேசைமேல் வைத்தார். மடங்கிக் கிடந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். பெருவிரலை மையில் உருட்டி, தாளில் அழுத்தினார். அவர் விட்டதும் கை மேசை விளிம்பில் இடித்துக் கீழே தொங்கியது.

தாளைத் தூக்கிப் பிடித்து, மை காயும்வரை அவர் வாயால் ஊதினார்.