முன் ஷாஃப்ட்

அலங்காநல்லூரைத் தாண்டி, தார்ச்சாலையிலிருந்து ஒன்றரை மைல் உள்ளே, ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தது சோணையின் தோட்டத்து வீடு. மழை பெய்தால் மாட்டுவண்டிகூட அச்சு வரைக்கும் புதையும். கல்யாணமான புதிதில் செல்லத்தாய் அதைச் சொல்லிக் கண் கலங்கியதுதான் தாமதம், சோணை பட்டாள ஏலத்தில் ஒரு பழைய ஜீப்பை எடுத்து வந்துவிட்டான். ஸ்பிரிங்கில் இரண்டு பட்டை கூடுதலாக வைத்து வண்டியை உயர்த்தினான். புகைக்குழாயை மேல்நோக்கித் திருப்பினான். கட்டை கட்டையாகப் பல் வைத்த டயர் மாட்டினான்.

"நாலு சக்கரமும் இழுக்கும் செல்லம். எம்புட்டு சேறுன்னாலும் ஒன்னைய ஓடை தாண்டி விட்டுருவேன்."

அவளுக்கு எட்டு மாதம் முடிந்த சமயம், முன்சக்கரங்களுக்கு இழுவை கொண்டுபோகும் ஷாஃப்ட்டின் ஜாயின்ட் தேய்ந்து வண்டி அதிரத் தொடங்கியது.

"ஏங்க, வயித்துக்குள்ள பிள்ளைக்குத் தூக்கித் தூக்கிப் போடுது. அந்தச் சனியனைக் கழட்டித்தான் வைங்களேன்" என்றாள் செல்லத்தாய்.

அன்றைக்கே கழற்றினான். சாக்கில் சுற்றி நெல் மூட்டைக்குப் பின்னால் சாத்தினான். மதுரையில் சுலைமான் கடையில் புது ஜாயின்ட்டுக்குச் சொல்லியிருந்தது. சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிறது, மழையாவது ஒன்றாவது என்று இருவருமே நினைத்தார்கள்.

மகளைப் பிரசவத்துக்குக் கொட்டாம்பட்டிக்கு அழைத்துப்போக மலையம்மாள் வந்த மறுநாள், நடுப்பகலில் வானம் இடிந்து விழுந்தது. கோடை மழை. கூடவே செல்லத்தாய்க்கு வலியும் எடுத்தது.

ஓடை வரைக்கும் வண்டி வந்தது. ஏறும் கரையில் பின்சக்கரங்கள் சுற்றிச் சுற்றிக் குழி பறித்து உட்கார்ந்துவிட்டன. நாலு சக்கரத்தையும் இழுக்க வைக்கும் சின்ன லீவரைச் சோணை தள்ளினான். தள்ளிய பிறகுதான் முன் ஷாஃப்ட் இல்லை என்பது அவனுக்கு உறைத்தது. அவன் முகம் போன போக்கைச் செல்லத்தாய் பார்த்தாள்.

வீட்டுக்கு ஓடினான். ஷாஃப்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்ப ஓடிவந்தான். வண்டிக்கு அடியில் சேற்றைக் கையால் வாரிப்போட்டு, மல்லாக்கப் படுத்து எட்டு நட்டையும் முடுக்கினான். நட்டு இருந்த டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தவள் செல்லத்தாய்தான். ஒரே உறுமலில் கரையேறியது ஜீப்.

மதுரை ஆஸ்பத்திரியில் பிள்ளை அழவில்லை. ஆண்பிள்ளை. "ஒரு மணி நேரம் முந்தி வந்திருக்கக் கூடாதாம்மா?" என்றாள் நர்ஸ்.

வராந்தாவில் மலையம்மாள் மார்பில் அடித்துக்கொண்டாள். "ஊரெல்லாம் மெச்ச வண்டி கட்டுனியே மாப்ள, உள்ள கெடக்க வேண்டியதை ஏன்யா கழட்டுன?"

"பெட்ரோல் மிச்சமாகுமேன்னு கழட்டிட்டேன் அத்தே."

"பெட்ரோலா! எம்பேரன் உசிரைவிடப் பெட்ரோல் பெருசாப் போச்சா ஒனக்கு?"

கட்டிலில் கிடந்த செல்லத்தாய்க்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. வாயைத் திறக்கத்தான் தெம்பில்லை. தெம்பு வந்த பிறகு தைரியம் இல்லை. பத்து நாளும் அவன் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு, ஏச்சு வாங்கிக்கொண்டு போனான்.

பதினோராம் நாள் வீட்டுக்குக் கிளம்பினார்கள். தல்லாகுளம் தாண்டும்போது வெறுந்தாரில் டயர்கள் கிறீச்சிட்டன. வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்ப முடியாமல் சோணை இரண்டு கையாலும் இழுத்தான். செல்லத்தாய் குனிந்து சின்ன லீவரைப் பார்த்தாள். சேற்றுக்கு மட்டுமே போட வேண்டிய நாலு சக்கர இழுவையைக் காய்ந்த ரோட்டில் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தான்.

"இப்பப் போட்டு என்னய்யா?" என்றாள் பின்னாலிருந்து மலையம்மாள். "எண்ணெய் மிச்சம் பிடிக்கலையாக்கும்?"

"அம்மா, அவரை விடு." செல்லத்தாயின் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "நான்தான் கழட்டச் சொன்னேன். அதிருதுன்னு நான்தான் சொன்னேன்."

"அவ கெடக்கா அத்தே" என்றான் சோணை அவசரமாக. "வண்டியைப் பத்தி அவளுக்கு என்ன தெரியும்?"

மலையம்மாள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு விம்மும் சத்தம் கேட்டது.

செல்லத்தாய் கையை நீட்டி அந்தச் சின்ன லீவரைப் பிடித்து இழுத்தாள். காய்ந்த ரோட்டில் ஓடி ஓடி அது இறுகிக் கிடந்தது. அவள் கைமேல் அவன் கை வந்து விழுந்தது. இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தும் வரவில்லை. அவன் வண்டியை ஓரமாக நிறுத்தி, ஸ்டீயரிங்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். அப்போதும் அவள் கையை அவன் விடவில்லை.