கருத்தையா 2.4

புதன்கிழமை காலை ஒன்பதே முக்கால். நாகேந்திரனின் அலுவலகத்தில் எல்லோரும் நின்றபடி அன்றைய வேலையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பாண்டீஸ்வரியின் முறை வந்தது.

"மாமாவுல இன்னைக்கு வேலை ஒண்ணும் இல்ல," என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. கல்யாணமாகி ஐந்து மாதத்தில் எல்லோருக்கும் பழகிவிட்டது.

மாமா என்றால் அவள் மாமனார் கருத்தையா. அரியக்குடியில் வயல் வைத்திருப்பவர். அவர் பெயரில் ஒரு லைப்ரரி இருந்தது. கல்யாண மண்டபம், தங்கும் விடுதி, வாடகைப் பாத்திரக் கடை என்று காரைக்குடியைச் சுற்றி உள்ளவர்களுக்கு மென்பொருள் செய்து தரும் அலுவலகம் அது. நாள் கணக்கும் முன்பதிவும் எல்லா மென்பொருளுக்கும் பொது. அதை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் வேண்டிய மென்பொருள் எடுத்துக்கொள்ளும்; அதுதான் லைப்ரரி. அப்படி முதலில் எழுதி வைத்தவன் அஜித், இப்போது அவள் கணவன். என்ன பெயர் என்று கேட்டார்கள். யோசிக்காமல் அப்பா பெயரைச் சொல்லிவிட்டான்.

பிறகு திருத்தம் வரும்போதெல்லாம் எண் ஏறியது. சின்னத் திருத்தம் என்றால் புள்ளிக்குப் பின்னால் ஒன்று கூடும். பழையதை நம்பி இருப்பவர்கள் தடுமாறும் அளவுக்கு மாற்றினால் முன்னால் இருக்கும் எண்ணே மாறும். இப்போது 2.4.

கல்யாணத்துக்கு முன் பாண்டீஸ்வரி அந்தப் பெயரை வாய் ஓயாமல் சொன்னவள்தான். அஜித்தோடு முதலில் சண்டை போட்டதே அதை வைத்து. கல்யாணமான மறுவாரம் நாக்கு எழவில்லை. சொல்லாதே என்று யாரும் சொல்லவில்லை. மாமனார் பெயரை மருமகள் சொல்வதில்லை. அவள் அம்மா சொன்னதில்லை, மாமியார் சொன்னதில்லை. அவ்வளவுதான்.

கூட்டம் கலையும் முன்பே தொலைபேசி அடித்தது. பிள்ளையார்பட்டி சாலையில் இருக்கும் ஒரு மண்டபத்தின் மேலாளர் தண்டாயுதபாணி.

"தங்கச்சி, தை மாசம் ஒரே காலையில ரெண்டு கல்யாணம் காட்டுது. ரெண்டு வீட்டுக்கும் சரின்னு சொல்லித் தொலைச்சுட்டேன். ஒரே மணவறையில நாலு பேரை உக்கார வைக்கச் சொல்றீகளா?"

"இருங்கண்ணே, பாக்குறேன்."

"பாருங்க. மாலை மாறி விழுகுறதுக்குள்ள பாருங்க."

மண்டபத்தை முதல் நாள் மாலை எடுத்தால் மறுநாள் மதியம்தான் காலி செய்வார்கள். பழைய லைப்ரரி ஒவ்வொரு தேதியையும் தனியாகப் பார்த்தது. மாலையில் ஒருவர் எடுத்திருந்தாலும் மறுநாள் காலை சும்மா இருப்பதாகக் காட்டியது. 2.4-இல் அதைச் சரி செய்தது பாண்டீஸ்வரியேதான். அவள் முடித்ததும் அஜித் கருத்தையா என்ற பெயரைத் தேடி, அது இருந்த மென்பொருள்களில் எல்லாம் எண்ணை ஏற்றினான். மண்டபத்தின் மென்பொருள் அந்தத் தேடலில் அகப்படவில்லை.

ஏன் அகப்படவில்லை என்பது தொலைபேசியை வைக்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கல்யாணமான புதிதில் சில நாள் வீட்டிலிருந்து வேலை பார்த்தாள். மாமியார் அம்மாக்கண்ணு பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்வார். ஆங்கில எழுத்து படிக்கத் தெரியும். ஒருநாள் திரையில் வரிக்கு வரி அந்தப் பெயர் ஓடியதைப் பார்த்து, "அவுக பேரா அது?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றுதான் மண்டபத்து மென்பொருளில் பாண்டீஸ்வரி 2.3-ஐ நகல் எடுத்து, மாமா என்று பெயர் போட்டு வைத்தாள். பிறகு வாயிலும் மாமா, நகலும் மாமா. இரண்டும் ஒன்றுதான் என்று மனம் எடுத்துக்கொண்டது. ஒன்று வளர்ந்தது. மற்றது நின்ற இடத்திலேயே நின்றது.

மதியத்துக்குள் காரியம் ஓரளவு நேரானது. ஒரு வீட்டில் இன்னும் பத்திரிகை அடிக்கவில்லை. தையிலேயே வேறு முகூர்த்தத்துக்கு ஒத்துக்கொண்டார்கள். பாண்டீஸ்வரி நாகேந்திரனிடம் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் முழுக்கக் கேட்டார்.

"நகல் எடுக்கிறது தப்புன்னு ஒனக்கு நான் சொல்லணுமா?"

"வேணாண்ணே."

"நாளைக்கு இன்னொரு மருமக வந்தா அவளும் ஒரு மாமா செஞ்சு வப்பாளா?"

"எனக்குத் தம்பி இல்லண்ணே," என்றான் அஜித்.

"நீ பேசாத. எல்லாம் ஒன்னால வந்தது. ஊரு ஒலகத்துல வேற பேரே கெடைக்கலையா ஒனக்கு?" பிறகு பாண்டீஸ்வரியைப் பார்த்தார். "அடுத்தது 3.0. பேரை மாத்திரு. வாய்விட்டுச் சொல்ற பேரா வை. ஆனா பெரியவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு மாத்து."

அந்த ஒரு வார்த்தைதான் அவளை அழுத்தியது.

கருத்தையாவுக்கு லைப்ரரி என்ன செய்யும் என்று தெரியாது. தன் பெயருக்கு எண் ஏறுகிறது என்று தெரியும். சாயங்காலம் வண்டி உள்ளே வந்ததும், "இன்னைக்கு நான் எத்தனையாவது, ஆத்தா?" என்பார். 2.4 என்று கேட்ட அன்று டீக்கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் வடை வாங்கிக் கொடுத்தார். கல்யாணமாகி வந்த முதல் வாரத்தில் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று அவராகவே கண்டுபிடித்து, அவள் ஊர்ப் பக்கத்துக் கருவாட்டைத் தேடி வாங்கி வந்தவர். அவரிடம் போய், உங்கள் பெயரை எடுக்கிறேன், என்னால் அதைச் சொல்ல முடியவில்லை என்பதா?

"நான் சொல்லிக்கிறேன்," என்றான் அஜித், வழியில்.

"வேணாம். நகல் எடுத்தது நான்."

வீட்டுக்குப் பின்னால் கருத்தையா மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தார். பாண்டீஸ்வரி பையைக்கூட இறக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். அஜித் வண்டியில் சாய்ந்துகொண்டு கைபேசியைப் பார்ப்பதுபோல் நின்றான்.

"அந்தக் கல்யாணம் என்னாச்சு?" என்றார்.

"வேற முகூர்த்தம் பாத்தாச்சு மாமா."

"பொண்ணு வீட்டுக்காரக சங்கடப்படலயே?"

"இல்ல மாமா."

கையைத் தவிட்டுத் தண்ணீரில் விட்டுக் கலக்கினார். கொஞ்ச நேரம் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"அப்ப என்னைய அழிச்சிருவீகளா?"

"அழிக்கக் கூடாது மாமா. வெளிய விட்ட எண்ணை என்னைக்கும் அழிக்கக் கூடாது. எங்கயாவது யாராவது அதை நம்பி இருப்பாக. 2.4 அப்படியே இருக்கும். மேல ஏறாது, அவ்வளவுதான்."

"மாடு சினைக்கு நிக்கலன்னாலும் வித்துர மாட்டீக. அப்படித்தான?"

"மாமா..."

"சும்மா சொன்னேன்."

அம்மாக்கண்ணு அடுப்படி ஜன்னலிலிருந்து குரல் கொடுத்தார். "எம் பேரை வைக்கச் சொல்லுங்க. அம்மாக்கண்ணு. வாய் நெறைய இருக்கும்."

"அதையும் இவ சொல்ல மாட்டாம்மா," என்றான் அஜித்.

"ஏன், நானே சொல்லச் சொல்றேன். சொல்லுடி."

"போங்கத்தை," என்றாள் பாண்டீஸ்வரி. அவளுக்கே சிரிப்பு வந்தது. கருத்தையாவும் சிரித்தார். அம்மாக்கண்ணு, "அப்ப மாட்டுப் பேரை வைங்க," என்று சொல்லிவிட்டு ஜன்னலை விட்டுப் போனார். அஜித் வண்டியை ஓரங்கட்டப் போனான்.

கருத்தையா மாட்டின் கழுத்தைச் சொறிந்துவிட்டார்.

"ஆபீசுல எம் பேரைத் தெனம் சொல்லுவாகளா, ஆத்தா?"

"தெனமும் சொல்லுவாக மாமா. என்னையத் தவிர எல்லாரும்."

"எங்க ஆத்தாவும் அப்பனும் போனதுக்கப்புறம் அதைச் சொல்லிக் கூப்பிட ஆளு கெடையாது. ஒங்க அத்தைக்கு நான் 'இந்தாங்க'. ஊருக்குள்ள அண்ணே, பெரியப்பா. ஆசுபத்திரிக்குப் போனா டோக்கன் நம்பரு. அங்குட்டு ஒரு ரூமுக்குள்ள சின்னப் பிள்ளைக தெனம் சொல்லுதுகன்னதும் நல்லாத்தான் இருந்துச்சு." தவிட்டு வாளியை மாட்டின் பக்கம் தள்ளினார். "மாத்திக்க. வேலை கெடக்கூடாது."

அவள் பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவர் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மாத்துறதுக்கு முன்னால, ஒரே ஒரு தடவை, நீ எம் பேரைச் சொல்லேன், ஆத்தா. எப்படி இருக்குன்னு கேப்போம்."